மங்குன வெளிச்சத்துல மான் படம் எடுக்கணுமா? புதுசா கேமரா வாங்கினவங்களுக்கு

முதல்ல ஒண்ணு சொல்லிடுறேன். காட்டுல எடுத்த மான் படம் ஆடிப்போய் வந்துச்சுன்னா முக்காவாசிப் பேரு லென்ஸத்தான் திட்டுறாங்க, அடுத்த மாசமே இஎம்ஐ போட்டு பெரிய லென்ஸ் பாக்க ஆரம்பிச்சிடுறாங்க. லென்ஸும் ஒரு காரணம்தான், இல்லன்னு சொல்லல. ஆனா மான் எந்நேரமும் ஓடிட்டே இருக்கிற பிராணி கிடையாது. மேயும், சட்டுனு நிக்கும், தலையத் தூக்கும், காத திருப்பும், மறுபடி குனியும். அந்த நிக்கிற நொடி எப்ப வரும்னு உங்களுக்குத் தெரிஞ்சிருச்சுன்னா 1/60 ஷட்டர்ல (அதாவது ஒரு செகண்டுல அறுபதுல ஒரு பங்கு நேரம் மட்டும் திறந்து மூடறது), கேமராவோட சேத்துக் குடுக்கிற சாதாரண கிட் ஸூம்லயே ஷார்ப்பா படம் எடுக்கலாம். தெரியலன்னா ரெண்டு லட்ச ரூபா லென்ஸ்லயும் மங்கலாத்தான் வரும். கேமரா செட்டிங்க அரை மணி நேரத்துல கத்துக்கலாம், மானோட கழுத்தப் படிக்கத்தான் நாள் ஆகும். அதனால ரெண்டையும் சேத்தே சொல்றேன்.

எந்த மான், எங்க, எத்தன மணிக்கு

முதுமலை, மசினகுடி பக்கத்தையே உதாரணமா வச்சுக்கலாம், நம்மாளுங்க முதல்ல பைய தூக்கிட்டுப் போறது அங்கதானே. வால்பாறை, டாப்ஸ்லிப், முண்டந்துறைன்னு எங்க போனாலும் விஷயம் பெருசா மாறாது.

புதுசுன்னா புள்ளிமான்ல ஆரம்பிங்க. கூட்டமா இருக்கும், தெப்பக்காடு பக்கம் ரோட்டோரத்துலயே மேயும், வண்டி போய் வந்து பழகினதால கொஞ்சம் நின்னு குடுக்கும். அடுத்தது கடமான், திருநெல்வேலி பக்கம் மிளான்னு சொல்றது இதத்தான். நல்ல பெரிய உடம்பு, கரும்பழுப்பு ரோமம், பகல்ல புதருக்குள்ள படுத்துட்டு விடியறப்பயும் பொழுது சாயறப்பயும்தான் வெளிய வரும், அதாவது வெளிச்சமே இல்லாத நேரத்துல இருட்டு நிறத்துல ஒரு மிருகம். உண்மையான பரீட்சை இதுதான். கேளையாடு இன்னும் கஷ்டம், தனியாத் திரியும், நாய் உசரம்தான் இருக்கும், ரெண்டு அடி எடுத்து வைக்கும், நிக்கும், உங்களப் பாத்துச்சுன்னா நாய் குரைக்கிற மாதிரியே குரைச்சிட்டு உள்ள போயிடும். சருகுமான் ராத்திரி ஆளு, மூணு கிலோதான் வெயிட் இருக்கும், கண்டிப்பா சொன்னா அது மான் குடும்பமே இல்ல. முதல் வருஷம் அத மறந்துடுங்க, தற்செயலா கண்ணுல பட்டா உங்க அதிர்ஷ்டம்.

நேரம்னு பாத்தா, வெளிநாட்டு யூடியூப் வீடியோல சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்கு மேல பொன்னிறமா வெளிச்சம் இருக்கும்ல, அத நம்பி இங்க போகாதீங்க. நாம பூமத்திய ரேகைக்குக் கிட்ட இருக்கோம், சூரியன் இறங்குச்சுன்னா இருபது இருபத்தஞ்சு நிமிஷத்துல ஆட்டம் குளோஸ். அதுவும் திறந்த வெளில. மரத்தடியில சூரியன் இருக்கும்போதே பாதி இருட்டிடும். அதனால மானப் பாத்ததுக்கு அப்புறம் செட்டிங் மாத்திக்கலாம்னு உக்காந்திருக்கவே முடியாது, ஸ்பாட்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எல்லாம் ரெடியா இருக்கணும்.

ரூல்ஸையும் இங்கயே சொல்லிடுறேன், பின்னாடி யாரும் சொல்லலன்னு சொல்லாதீங்க. நீலகிரி போக ஈ-பாஸ் வேணும், 2024 மே மாசத்துல இருந்து கேக்கறாங்க. புலிகள் காப்பகம் வழியாப் போற ரோடு ராத்திரி 9 மணில இருந்து காலைல 6 மணி வரைக்கும் மூடிடுவாங்க. காட்டு ரோட்டுல வண்டிய நிறுத்தி இறங்கவே கூடாது, ஃபைன் போடுவாங்க, ஃபைன விடுங்க, அந்தப் பக்கம் உண்ணிச்செடிப் புதருக்குப் பின்னாடி யானை நின்னா உங்களுக்குத் தெரியவே தெரியாது. வனத்துறை சஃபாரி தெப்பக்காட்டுல இருந்து போகுது, அதுல போங்க. மசினகுடில உங்கள ஓரங்கட்டி 'நைட் சஃபாரி கூட்டிட்டுப் போறேன் சார்'னு யாராவது சொன்னா வேண்டாம்னு சொல்லிடுங்க, அது சட்டப்படி தப்பு, போதாததுக்கு டார்ச் அடிச்சு எடுத்த மான் படம்னா பச்சையா ரெண்டு கண்ணு மட்டும்தான் தெரியும், அது என்ன படம். கோடைல காட்டுத்தீ பயத்துல சில வாரம் மூடியும் வைப்பாங்க, கிளம்புறதுக்கு முன்னாடி விசாரிச்சுக்கோங்க.

வீட்லயே பண்ண வேண்டிய ரிகர்சல்

மசினகுடி போய் ரூம் போட்டு அங்க உக்காந்து கேமரா கத்துக்கிறது காசுக்குப் புடிச்ச கேடு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல உங்க தெருவுல ஒரு பழுப்பு நாய் மரத்தடியில படுத்திருக்கும், அதுதான் உங்க கடமான். ஊர்ல ஆடு இருந்தா இன்னும் நல்லது, ஏன்னா ஆடும் மான் மாதிரியே அசை போடுற ஜாதி, தலைய தூக்கறது, காத ஆட்டறது எல்லாம் ஏறக்குறைய அதே கணக்குதான். தோப்பு நிழல்ல நிக்கிற ஒரு ஆட்ட பொழுது சாயற வரைக்கும் எடுத்துப் பாருங்க. எந்த ஷட்டர் வரைக்கும் உங்க கை தாங்குது, எந்த ஐஎஸ்ஓ-க்கு (கேமரா வெளிச்சத்த எவ்வளவு தூக்கிக் காட்டணும்ங்கற அளவு) மேல உங்க கேமரா பொரி பொரியா வருதுன்னு அப்ப தெரியும். அது ஆளுக்கு ஆள், கேமராவுக்கு கேமரா மாறும், எந்த வீடியோவும் அத உங்களுக்குச் சொல்லித் தராது.

இன்னொண்ணு, ஷட்டர் டயல் எது, படத்தோட வெளிச்சத்த ஏத்தி இறக்கற எக்ஸ்போஷர் காம்பன்சேஷன் பட்டன் எது, ஃபோகஸ் பாயின்ட்ட எப்படி நகத்தறதுன்னு கண்ண மூடிட்டு விரல் தானாப் போற அளவுக்குப் பழகிக்கோங்க. மான் முன்னாடி நின்னுட்டு கேமராவ இறக்கி பட்டன் தேடுனீங்கன்னா அந்த அசைவுக்கே அது கிளம்பிடும்.

கேமராவ எப்படி செட் பண்ணி வைக்கிறது

பீப் சவுண்ட் ஆஃப். ஃபோகஸ் எடுக்கும்போது முன்னாடி சிவப்பாவோ ஆரஞ்சாவோ ஒரு குட்டி லைட் எரியும்ல, ஏஎஃப் அசிஸ்ட், அதுவும் ஆஃப். ஃபிளாஷ் தானா எந்திரிக்கிற ஆட்டோ மோட் பக்கமே போகாதீங்க. ஸ்கிரீன் பிரைட்னஸ குறைச்சு வைங்க, இருட்டுல அது உங்க மூஞ்சில லைட் அடிக்கும், அதவிட முக்கியமா படம் நல்லா வெளிச்சமா இருக்கிற மாதிரி உங்கள ஏமாத்தும். உள்ள கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவா இருந்தா சைலன்ட் ஷட்டர் போடுங்க, ஆனா ஓடுற மானுக்கு அதுல உடம்பு கோணலா வரும் சில கேமராவுல, நிக்கிற மானுக்குப் பிரச்சனை இல்ல. உள்ள கண்ணாடி இருக்கிற டிஎஸ்எல்ஆர்ல 'கொயட்' மோட் இருக்கும், முழுசா சத்தம் போகாது, பாதியாவது குறையும். லென்ஸ் முன்னாடி கடைக்காரர் தலைல கட்டின யுவி ஃபில்டர் இருந்தா கழட்டிடுங்க.

ரா ஃபைல், அதாவது கேமரா திருத்தாம அப்படியே குடுக்கிற மூல ஃபைல், கண்டிப்பா. ஜேபெக் மட்டும் எடுத்தா மரத்தோட பச்சை நிறம் மான் மேல ஏறி நிக்கும், பின்னாடி சரி பண்றது பெரும்பாடு.

இப்ப மெயின் விஷயம். மேனுவல் மோட் போடுங்க, பயப்படாதீங்க, ஐஎஸ்ஓ-வ ஆட்டோல விட்டுடுங்க. அப்பர்ச்சர் (வெளிச்சம் உள்ள போற ஓட்டை) உங்க லென்ஸ்ல எவ்வளவு தொறக்குமோ அவ்வளவு, எஃப் நம்பர் சின்னதா ஆக ஆக ஓட்டை பெருசு. ஷட்டர் மட்டும்தான் நீங்க விளையாட வேண்டிய டயல். ஆட்டோ ஐஎஸ்ஓ-வோட மேல் எல்லைய 12800 வரைக்கும் தொறந்து விடுங்க, பழைய கேமரான்னா 6400. நாய்ஸ், அதான் அந்தப் பொரி, வந்துடுமேன்னு 1600ல கட்டி வைக்கிறவங்க இருக்காங்க, அது வேண்டாத வேலை, நாய்ஸ பின்னாடி சாஃப்ட்வேர்ல குறைக்கலாம், ஆடிப்போன கண்ண எந்த சாஃப்ட்வேரும் ஒழுங்கா கொண்டு வராது.

ஒரு கணக்கு சொல்றேன். விடிஞ்சு கொஞ்ச நேரத்துல மரத்தடியில எஃப் 5.6 லென்ஸ்ல 1/250 வச்சா ஐஎஸ்ஓ 12800 கேக்குதுன்னு வைங்க. ஷட்டர 1/125க்கு இறக்குனா 6400, 1/60க்கு இறக்குனா 3200. அதே இடத்துல எஃப் 2.8 லென்ஸ் வச்சிருக்கிறவர் 1/250லயே 3200ல எடுத்துட்டுப் போயிடுவார், ரெண்டு ஸ்டாப் வித்தியாசம், ஒரு ஸ்டாப்னா ரெண்டு மடங்கு, ஆக நாலு மடங்கு வெளிச்சம். உங்ககிட்ட அந்த லென்ஸ் இல்ல, ஆனா அந்த நாலு மடங்க மான் நிக்கிற நொடில ஷட்டர இறக்கி நீங்க எடுத்துக்கலாம். காசுக்குப் பதிலா பொறுமைய குடுக்கறீங்க, அவ்வளவுதான்.

கை ஆடாதான்னு கேப்பீங்க. 300 எம்எம்-ம சின்ன சென்சார் இருக்கிற ஏபிஎஸ்-சி கேமராவுல போட்டா 450 மாதிரி ஆயிடும், லென்ஸ் எத்தன எம்எம்மோ செகண்டுல அத்தனைல ஒரு பங்குங்கிற பழைய கணக்குப்படி 1/450 ஷட்டர் வேணும். லென்ஸ்ல இருக்கிற ஸ்டெபிலைசர் ஒரு மூணு ஸ்டாப் தாங்குச்சுன்னா 1/60 வரைக்கும் இறங்கலாம். ஆனா ஸ்டெபிலைசர் உங்க கை ஆட்டத்த மட்டும்தான் நிறுத்தும், மானோட ஆட்டத்த இல்ல. இத புரிஞ்சுக்காம விஆர் (ஸ்டெபிலைசருக்கு இன்னொரு பேரு) ஆன்ல தானே இருக்கு ஏன் மங்கலா இருக்குன்னு கேக்கறவங்க நிறைய. ஷட்டர பாதி அமுக்கினதும் ஒரு செகண்ட் விடுங்க, வியூஃபைண்டர்ல படம் மிதந்து அப்படியே அடங்கும், அப்புறம் முழுசா அமுக்குங்க.

ஸூம் லென்ஸ்ல இன்னொரு சூட்சுமம் இருக்கு. 55-250 மாதிரி லென்ஸ்னா 250ல எஃப் 5.6, கம்மி ஸூம்ல எஃப் 4. 150-600ன்னா 600ல 6.3, 150ல 5. முழுசா இழுத்துப் பிடிக்கும்போது வெளிச்சமும் போகுது கை ஆட்டமும் கூடுது, ரெண்டு பக்கமும் நஷ்டம். வெளிச்சம் ரொம்ப மோசமா இருக்கும்போது ஸூம குறைச்சு காட்டையும் சேத்து எடுங்க, மான் ஃப்ரேம்ல சின்னதா நின்னாலும் பரவால்ல. என்னக் கேட்டா மூஞ்சி மட்டும் நிரம்பி நிக்கிற படத்தவிட அதுதான் பாக்க நல்லாவும் இருக்கும். லென்ஸுக்குப் பின்னாடி மாட்டி ஸூம கூட்டற டெலிகன்வர்ட்டர் இந்த நேரத்துல பையிலயே இருக்கட்டும், 1.4 ஒரு ஸ்டாப்ப முழுங்கும், 2 எக்ஸ் ரெண்டு ஸ்டாப்ப முழுங்கும்.

கேமரா ஏமாறுற இடம்

இருட்டான புதர், அதுக்கு முன்னாடி இருட்டான கடமான். கேமரா மீட்டருக்கு எல்லாமே நடுத்தர வெளிச்சத்துல இருக்கணும், அதனால இது ரொம்ப டார்க்குன்னு நினைச்சு ஐஎஸ்ஓ-வ ஏத்தும். படம் மத்தியானம் எடுத்த மாதிரி வெளுத்துப் போய், நாய்ஸோட வரும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன மைனஸ் 0.7 வச்சுப் பாருங்க. அதுக்காக மைனஸ் 2 வச்சு எடுத்துட்டு கம்ப்யூட்டர்ல தூக்கிக்கலாம்னு போகாதீங்க, கருப்புல இருந்து தூக்குனா வர்ற நாய்ஸ் தான் இருக்கறதுலயே அசிங்கம், கோடு கோடா வரும்.

இன்னொண்ணு, இலைக்கு நடுவுல புகுந்து வர்ற வெயில் ஒரு திட்டா மான் முதுகுல விழுதுன்னு வைங்க, சுத்தி இருட்டு. கேமரா இருட்டப் பாத்து ஏத்திடும், முதுகுல இருக்கிற புள்ளியெல்லாம் வெள்ளையா வெந்து போயிடும். அங்க மைனஸ் 1, சில நேரம் அதுக்கும் மேல. பின்னாடி வானமோ வெளிச்சமான ரோடோ இருந்தா மறுபக்கம், பிளஸ் 1. ஸ்கிரீன்ல படத்தப் பாத்து முடிவு பண்ணாதீங்க, ஹிஸ்டோகிராம்னு வெளிச்சத்தோட வரைபடம் ஒண்ணு இருக்கும், அதப் பாருங்க, வலது ஓரத்துல முட்டாம இருந்தா சரி.

மான் எப்ப நிக்கும்

மேயற மானப் பாத்தீங்கன்னா தலை கீழ இருக்கும்போது வாய் ஓடிட்டே இருக்கும், கழுத்து இழுத்து இழுத்துப் புல்ல பிடுங்கும். அப்ப எடுக்காதீங்க, வெளிச்சம் இருந்தாலும் எடுக்காதீங்க, கண்ணு இருட்டுக் குழியா இருக்கும். சில வாய் மேஞ்சதும் தலைய தூக்கும். தூக்கின உடனே கழுத்து லேசா ஆடும், அப்புறம் அப்படியே நின்னுடும், வாய் மெல்றது கூட சில சமயம் நின்னுடும், ஏன்னா மென்னுட்டே இருந்தா அதுக்கு காது சரியா கேக்காது போல. அந்த நிறுத்தம்தான் உங்க நேரம். தலை மேல வந்ததுல இன்னொரு லாபம் இருக்கு, மரத்துக்கு நடுவுல தெரியற வானத்தோட வெளிச்சம் கண்ணுல ஒரு புள்ளியா விழும். அந்தப் புள்ளி இருந்தா படத்துக்கு உசுரு இருக்கு, இல்லன்னா பொம்ம மாதிரிதான்.

ஒரே மானா ரெண்டு நிமிஷம் சும்மா பாருங்க, கேமராவ கண்ணுல வச்சுட்டு ஆனா அமுக்காம. எத்தன வாய்க்கு ஒரு தடவ தலை தூக்குதுன்னு ஒரு தாளம் பிடிபடும். கூட்டத்துல ஓரமா நிக்கிறது அடிக்கடி தூக்கும், நடுவுல இருக்கிறது கம்மியாத்தான் தூக்கும். அதனால ஓரத்து மானப் பிடிங்க.

படுத்து அசை போடுற மான் கெடச்சா அதவிட அதிர்ஷ்டம் இல்ல. வாய் மட்டும் பக்கவாட்டுல ஆடிட்டே இருக்கும், எடுத்தா தாடை மங்கலா வரும். ஆனா கவனிச்சுப் பாருங்க, மென்னு முடிச்சதும் ஒரு முழுங்கு, அப்புறம் சில நொடி தாடை அசையாது, அதுக்கப்புறம் தொண்டைல ஒரு உருண்டை கீழ இருந்து மேல ஏறுறது தெரியும், அது வாய்க்கு வந்ததும் மறுபடி மெல்ல ஆரம்பிக்கும். முழுங்கினதுக்கும் உருண்டை வந்து சேர்றதுக்கும் நடுவுல 1/30ல கூட எடுக்கலாம், கை தாங்குச்சுன்னா. வீட்டுப் பக்கத்துல மாடு இருந்தா நாளைக்கே போய்ப் பாருங்க, இதேதான்.

கடமானோட குணம் வேற. சந்தேகம் வந்துச்சுன்னா ஓடாது, முதல்ல அப்படியே சிலையா நிக்கும். காது ரெண்டும் முன்னாடி, கழுத்து நேரா, மூக்கு கொஞ்சம் தூக்கி. புதுசா போறவங்க அய்யோ பாத்துடுச்சுன்னு பதறி கேமராவ இங்க அங்க ஆட்டறது இந்த நேரத்துலதான். பதறாதீங்க, அது நிக்குது, உங்களுக்கு நேரம் குடுக்குது. முன்னங்கால ஒண்ண தரையில தட்ட ஆரம்பிச்சு, வால தூக்கிட்டு, டாங்க்னு ஒரு சத்தம் போட்டுச்சுன்னா மட்டும் அதுக்கு பதட்டம் ஏறிடுச்சுன்னு அர்த்தம். அது உங்களப் பாத்துதான்னா ரெண்டு மூணு ஃப்ரேம் எடுத்துட்டு டிரைவர் அண்ணன்கிட்ட போலாம்ணே சொல்லிடுங்க. உங்களப் பாக்காம வேற பக்கம் பாத்துக் கத்துச்சுன்னா கிளம்பாதீங்க, அங்க புலியோ சிறுத்தையோ செந்நாயோ ஏதோ ஒண்ணு இருக்கு.

காது ஆடறதப் பத்தி கவலப்படாதீங்க. ஈ மொய்க்கும், காது ஆடிட்டேதான் இருக்கும், 1/60ல காது நுனி மங்கலா வரும், கண்ணு ஷார்ப்பா இருந்தா போதும்.

இப்ப இத ஷட்டரோட சேத்துப் பாருங்க. மானப் பாத்த உடனே முதல் படம் 1/250ல எடுத்துடுங்க, நாய்ஸ் இருந்தாலும் கைல ஒண்ணு இருக்கட்டும். நிக்கப் போகுதுன்னு தெரிஞ்சா 1/125, விரல எடுக்காம தொடர்ந்து ஒரு சின்ன பர்ஸ்ட், மூணு நாலு ஃப்ரேம். இன்னும் நிக்குதா, 1/60, மறுபடி நாலு ஃப்ரேம். பர்ஸ்ட்ல முதல் ஃப்ரேம் உங்க விரல் அமுக்கின ஆட்டத்துலயே போயிடும், ரெண்டாவது மூணாவது நல்லா வரும், அதுக்காகத்தான் பர்ஸ்ட். முப்பது ஃப்ரேம் அடிக்காதீங்க, கார்டு நிரம்பி, படத்த தற்காலிகமா வைக்கிற பஃபர் அடைச்சு, மான் திரும்பிப் பாக்கற நேரத்துல கேமரா தூங்கும். நடக்க ஆரம்பிச்சா 1/250க்கு மேல திரும்பிடுங்க. ஓட ஆரம்பிச்சா அந்த வெளிச்சத்துல 1/1000க்கு வழியே இல்ல, அதனால ஒண்ணு விட்டுடுங்க, இல்லன்னா 1/20 வச்சு மானோடயே கேமராவ நகத்தி கோடு கோடா ஒரு படம் முயற்சி பண்ணுங்க, பத்துல ஒண்ணு தேறினா பெருசு.

ஃபோகஸ் ஏன் சிக்க மாட்டேங்குது

வெளிச்சம் குறைஞ்சா ஆட்டோஃபோகஸ் முன்னும் பின்னும் ஓடும், லென்ஸ் உர்ருனு சத்தம் போடும். காரணம் ரொம்ப சிம்பிள், கேமரா வெளிச்சம் இருட்டு வித்தியாசத்தத் தேடுது, நீங்க அத மானோட சமமான பழுப்பு வயித்துல கொண்டு போய் வச்சிருக்கீங்க. நடு பாயின்ட் ஒண்ண மட்டும் எடுத்து காது ஓரம், கொம்பு ஓரம், கண்ணுன்னு எங்க கோடு தெரியுதோ அங்க வைங்க. பழைய டிஎஸ்எல்ஆர்ல நடு பாயின்ட் தான் மத்ததவிட பலம். புது மிரர்லெஸ்ல மிருகத்தோட கண்ண தானாத் தேடிப் பிடிக்கிற அனிமல் ஐ டிராக்கிங் இருக்கும், திறந்த இடத்துல பிரமாதம், ஆனா குறுக்க நாலு குச்சி இருந்தா அது குச்சியப் புடிச்சுக்கும். முதுமலைல எங்க பாத்தாலும் உண்ணிச்செடி, மானுக்கும் உங்களுக்கும் நடுவுல எப்பவும் ஒரு கிளை இருக்கும். அப்ப சின்ன பாயின்டுக்கு மாறிடுங்க, இல்லன்னா லென்ஸ் வளையத்தக் கைல திருப்பி கிட்டத்தட்ட கொண்டு வந்துட்டு ஆட்டோவுக்கு விடுங்க. லென்ஸ்ல ஃபோகஸ் லிமிட்டர் பட்டன் இருந்தா தூரத்துப் பக்கம் தள்ளி வைங்க, லென்ஸ் கிட்டத்துல வந்து தேடி நேரத்த வீணாக்காது.

வண்டில உக்காந்துட்டு

சஃபாரி வேன்ல டிரைபாட் கனவு காணாதீங்க. பீன் பேக் ஒண்ணு போதும், காலி உறைய எடுத்துட்டுப் போங்க, மசினகுடி கடைல ரெண்டு கிலோ அரிசியோ பயறோ வாங்கி ரொப்பிக்கலாம், திரும்பும்போது சமைச்சுக்கலாம். ஜன்னல் கம்பி மேல போட்டு லென்ஸ அதுல அமுக்கி வைங்க.

எஞ்சின் ஓடிட்டு இருந்தா 1/60 எல்லாம் வேலைக்கே ஆகாது, அந்த அதிர்வு பீன் பேக் வழியா நேரா லென்ஸுக்கு வரும். கிளம்புறதுக்கு முன்னாடியே டிரைவர்கிட்ட, அண்ணே மான் நின்னா எஞ்சின ஆஃப் பண்ண முடியுமான்னு தன்மையா கேட்டு வச்சுக்கோங்க. அவர் மாட்டேன்னாருன்னா பீன் பேக்க விட்டுட்டு கேமராவ கைல தூக்கி, முழங்கைய நெஞ்சோட ஒட்டி எடுங்க, உடம்பு கொஞ்சம் அதிர்வ வாங்கிக்கும். பக்கத்துல உக்காந்தவர் எந்திரிச்சு செல்ஃபி எடுத்தாலும் வேன் ஆடும், சிப்ஸ் பாக்கெட் பிரிச்சாலும் மான் காது திரும்பும். இதுக்கெல்லாம் ஒண்ணும் பண்ண முடியாது, சிரிச்சுக்கிட்டே சொல்லிப் பாக்கலாம். முடிஞ்சா காலைல முதல் டிரிப்புக்குப் போங்க.

சட்டை கலர் பத்தி நிறைய பேர் கேக்கறாங்க. மானுக்கு சிவப்பும் ஆரஞ்சும் சரியாப் பிரிச்சுத் தெரியாது, நீலம் நல்லாத் தெரியும். 1990கள்ல அமெரிக்காவுல வெள்ளைவால் மான்கள வச்சுப் பண்ண ஆராய்ச்சில தெரிய வந்தது இது. அதனால ராணுவ டிசைன் டிஷர்ட் எல்லாம் வாங்கத் தேவையில்ல, நீல ஜீன்ஸும் பளிச்சுனு வெள்ளை சட்டையும் வேண்டாம், அவ்வளவுதான். அதுவும் வேனுக்குள்ள பெரிய விஷயம் இல்ல. ஜன்னலுக்கு வெளிய சட்டுனு நீளுற லென்ஸும் கையும்தான் அத விரட்டுது. லென்ஸ முன்னாடியே வெளிய வச்சுட்டு உக்காருங்க.

ரிசார்ட் வராந்தாவுலயோ எஸ்டேட் ஓரத்துல அனுமதியோடயோ காத்திருக்கறீங்கன்னா காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னு பாத்துட்டு உக்காருங்க, உங்க பக்கத்துல இருந்து மான் பக்கம் போச்சுன்னா கண்ணுல படறதுக்கு முன்னாடியே மூக்குல பட்டுடுவீங்க. பாடி ஸ்ப்ரே, கொசு அகர்பத்தி வேண்டாம். வால்பாறைப் பக்கம் விடியற நேரத்துல தேயிலைக்கும் சோலைக்கும் நடுவுல இருக்கிற ஓரத்துல கடமானும் கேளையாடும் வரும், ஆனா அதே ஓரத்துல காட்டெருமையும் சிறுத்தையும் நடமாடும், இருட்டுல தேயிலைக்குள்ள இறங்கி நடக்கவே நடக்காதீங்க.

எங்க காத்திருக்கறதுன்னு தெரியலன்னா மந்தி இருக்கிற மரத்தத் தேடுங்க. கருமூஞ்சி மந்தி மேல உக்காந்து தின்னு போடுற இலை, பழத்துக்கு கீழ புள்ளிமான் வந்து நிக்கும். மேல இருந்து விழுறத அண்ணாந்து பாக்கும் பாருங்க, கண்ணுல வெளிச்சம் வேணும்னு நாம தவம் கிடந்தது அப்ப தானா கெடைக்கும். குட்டி தனியா புல்லுக்குள்ள சுருண்டு படுத்திருந்தா மட்டும் நிக்காமப் போயிடுங்க, தாய் பக்கத்துலதான் எங்கயோ இருக்கும், நீங்க நிக்கிற வரைக்கும் வராது.

வீட்டுக்கு வந்து

ரா ஃபைல கம்ப்யூட்டர்ல திறந்த உடனே, இருட்டுப் பகுதிய வெளுக்க வைக்கிற ஷேடோ ஸ்லைடர பிடிச்சு வலது பக்கம் தள்றதுதான் எல்லாரும் பண்றது. தள்ளாதீங்க. விடியற நேரம்னா விடியற நேரமாத்தான் தெரியணும், பின்னாடி காடு கருப்பா இருந்தா இருக்கட்டும், அந்தக் கருப்புல நாய்ஸும் மறைஞ்சிடும். ஒயிட் பேலன்ஸ்ல பச்சை ஏறியிருக்கும், டின்ட்ட மெஜந்தா பக்கம் கொஞ்சம் நகத்தினா ரோமத்தோட பழுப்பு திரும்ப வரும். படம் திருத்தற லைட்ரூம் சாஃப்ட்வேர்ல 2023ல இருந்து நாய்ஸ குறைக்கிற ஏஐ டீநாய்ஸ் இருக்கு, டோபாஸ், டிஎக்ஸ்ஓ சாஃப்ட்வேரும் நல்லா பண்ணுது, ஆனா ஸ்லைடர முழுசா ஏத்தினா மான் மேல பிளாஸ்டிக் கவர் போட்ட மாதிரி ஆயிடும், பாதில நிறுத்துங்க. 200 சதவீதம் ஸூம் பண்ணி நாய்ஸப் பாத்து அழாதீங்க, 24 மெகாபிக்சல்னா 6000 பிக்சல் அகலம், இன்ஸ்டால போடறப்ப 1080க்கு சுருங்கிடும், பாதி நாய்ஸ் அதுலயே காணாமப் போயிடும்.

கடைசியா லென்ஸ். காட்டு ஈரத்துல இருந்து வந்ததும் அப்படியே பைக்குள்ள போட்டு மூடி வச்சுட்டீங்கன்னா அடுத்த மழை சீசனுக்குள்ள உள்கண்ணாடில வலை மாதிரி பூஞ்சை பிடிச்சிடும், கழட்டி சுத்தம் பண்ண ஆயிரக்கணக்குல கேப்பாங்க. வெளிய ஒரு நாள் காத்தாட வைங்க, அப்புறம் இறுக்கமா மூடுற பிளாஸ்டிக் டப்பாவுல சிலிக்கா ஜெல் போட்டு வைங்க, ஜெல் நிறம் மாறினா வறுத்து எடுத்து மறுபடி போடலாம், டிரை கேபினெட் எல்லாம் மெதுவா வாங்கிக்கலாம்.